அணியத்தில் ஒரு ஆள்

சின்னவருக்குத் தன் அண்ணனின் முகத்தைவிடப் பிடரிதான் நன்றாகத் தெரியும். இடது காதுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. வெயில் ஏறும்போது அது மட்டும் கறுக்காமல் வெளுத்துத் தெரியும். கழுத்து மடிப்பு இரண்டாக இருந்து மூன்றானதையும் அவர் பார்த்திருக்கிறார். அண்ணன் மீசையில் எவ்வளவு நரை என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். சொன்னாலும் தப்பாகச் சொல்வார்.

படகு அப்படிப்பட்டது. நடுவில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் டீசல் என்ஜின். பெட்டிக்குப் பின்னால் ஒரு குறுக்குப் பலகையில் முன்னே பார்த்து உட்கார்ந்து பெரியவர் கியரையும் வேகத்தையும் பார்த்துக்கொள்வார். படகின் பின்முனையில் சுக்கானைப் பிடித்து நிற்பவர் சின்னவர். என்ஜின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் சின்னவர் கையில் ஒரு கழி. ஒரு தட்டு என்றால் முன்னே போ. இரண்டு என்றால் கியரை எடுத்து நிறுத்து. மூன்று என்றால் பின்னே. இது எல்லாப் பழைய படகிலும் உள்ளதுதான். இவர்களுடையதில் போகப்போக இன்னும் சில சேர்ந்துகொண்டன. கழியின் நுனியை நீளமாகத் தேய்த்தால் 'அங்கே பறவை கூடுது, பார்.' சுண்டுவது போல ஒரு சின்னத் தட்டு என்றால் 'டீ குடிச்சுக்கோ.' பெரியவரின் பதில் என்ஜினிலிருந்து வரும். ஒரு முறை உறுமி அடங்கினால் சரி. இரண்டு முறை உறுமினால் 'எனக்குத் தெரியாதா?'

பெரியவர் அறுபதைத் தாண்டியவர். சின்னவர் அதன் வாசலில் நிற்பவர். 'இந்தச் சின்னவருக்கு எப்பய்யா வயசாகும்' என்பது கரையில் ஒரு பழைய கேலி.

அந்தத் தட்டுகளைத் தவிர இருவருக்கும் இடையில் பேச்சு கிடையாது. பல வருடமாக.

ஒரு நாள் வலை, தண்ணீருக்கடியில் சுற்றும் விசிறியில் மாட்டிக்கொண்டது. வலை இழுப்பது எப்போதும் சின்னவர் வேலை. வலையின் இழுப்புக்கு ஏற்றபடி படகைப் பிடித்து நிறுத்துவது பெரியவர் வேலை. அவர் என்ஜினை விட்டு எழுந்திருக்க மாட்டார். அன்று சின்னவர் இரண்டு தட்டினார். படகு நிற்காமல் முன்னே பாய்ந்தது. கரைக்கு இழுத்து வந்து, கத்தியால் வலையை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"ஒண்ணுதான்டா தட்டின," என்றார் பெரியவர்.

"ரெண்டு."

"எனக்குத் தெரியாதா? ஒண்ணு."

"உன்கிட்ட தட்டறதும் ஒண்ணுதான், செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணுதான்."

கூட்டம் சிரித்தது. பெரியவர் கத்தியை வேட்டியில் துடைத்துச் சின்னவர் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தார்.

அவ்வளவுதான் சண்டை. மறுநாள் விடியும்போது இருவரும் வழக்கம்போலப் படகடிக்கு வந்தார்கள். வேறென்ன செய்வது? அப்பா விட்டுப்போன படகு. நடுவில் அறுத்துப் பங்கு போட முடியாது. சுக்கானைப் பிடிக்க ஒரு ஆள், என்ஜினைப் பிடிக்க ஒரு ஆள். ஏறி உட்கார்ந்தார்கள். பேசவில்லை.

சில நாள் கழித்துப் பெரியவர் நீளமான பலகை ஒன்றைத் தோளில் கொண்டுவந்தார். சின்னவர் நிற்கும் இடத்திலிருந்து தன் காலடி வரை அதைப் படகின் தரையோடு சேர்த்து ஆணியடித்தார். கழியை வாங்கி, படகின் ஓரத்தில் தட்டாதே, இதில் தட்டு என்று காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சின்னவர் அதைப் புரிந்துகொண்ட விதம் இது: உன் தட்டைக்கூட நான் காதில் வாங்க மாட்டேன், என் காலடியில் தட்டு.

சரி, காலடியிலேயே தட்டுகிறேன் என்று தட்டினார். வருடங்கள் போயின.

நடுவில் ஒரு முறை சின்னவர் இறங்கி வந்தார். மனைவி இறந்த பிறகு. என்ஜினை நிறுத்திவிட்டு வலைக்காகக் காத்திருந்த ஒரு வேளை. தண்ணீர் படகை மெல்லத் தட்டிக்கொண்டிருந்ததைத் தவிர வேறு சத்தமில்லை. "அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றார். பிடரி அசையவில்லை. கழுத்து மடிப்பில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. பெரியவர் கையைத் தூக்கி அதை ஓட்டினார். சின்னவருக்குத் தன்னையே ஓட்டியது போல இருந்தது. மறுபடி அவர் வாயைத் திறக்கவில்லை.

சொல்ல வேண்டியதை அண்ணியிடம் சொல்வார். வாசற்படியில் நின்றுகொண்டு, "அண்ணி, நாளைக்குக் காத்து மாறும், சீக்கிரம் போகணும்னு சொல்லுங்க" என்பார். உள்ளே நாற்காலியில் முதுகைக் காட்டிப் பெரியவர் உட்கார்ந்திருப்பார். "சொல்லிடறேன் தம்பி" என்று அண்ணி கதவைச் சாத்துவாள். திரும்பி நடக்கும்போது அண்ணியின் குரல் உச்சத்தில் கேட்கும். அண்ணனை அதட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட உண்டு.

போன பருவத்தின் கடைசியில் என்ஜின் செத்தது. உடம்பிலேயே விரிசல். இன்னொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. ஃபைபர்காரர் வந்து பார்த்தார். உடைந்த படகுகளை ஒட்டுவது, பழைய படகுகளைப் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜினுக்கு மாற்றுவது இரண்டும் அந்தக் கரையில் அவர் வேலை. நாற்பது வயது இருக்கும். நடக்கும்போதுகூட விரலில் காய்ந்த பசையைப் பிய்த்துக்கொண்டே நடப்பவர்.

"இதுக்கு மேல இதுல கை வைக்கிறது பொணத்துக்கு ஊசி போடற கதை. இந்த மாடலுக்குச் சாமானே வர்றதில்ல. பின்பக்கம் பிராக்கெட் அடிச்சு அவுட்போர்டை மாட்டிடலாம். படகு உடம்பு நல்ல உடம்பு சின்னவரே. ஒரே கைப்பிடியில கியர், வேகம், திசை எல்லாம் வந்துடும். ஒரு ஆள் போதும். ராஜா மாதிரி தனியா போயிட்டு வரலாம்."

நல்ல செய்தி சொல்கிறோம் என்ற நினைப்பில்தான் அவர் சொன்னார். சின்னவர் அணைந்துகிடந்த என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சில்லாத இரண்டு பேரை ஒரே படகில் இத்தனை காலம் கட்டிவைத்திருந்தது இந்த இரும்பு. இது போனால் அண்ணன் எதற்காக வருவார்? 'சும்மா வா' என்பதற்கு ஒரு தட்டு அவர்களிடம் இல்லை.

ஆனால் படகைக் கரையில் போட்டுவிட்டுப் பட்டினி கிடக்க முடியாது. அண்ணியிடம் போய்ச் சொன்னார். மறுநாள் அண்ணி பதில் சொன்னாள்: "செய்யச் சொல்றார் தம்பி."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"என்ஜினை அவரே கழட்டறாராம். வேற யாரும் கை வைக்கக் கூடாதாம்."

பெரியவர் கழற்றிய விதத்தைப் பார்க்கக் கொஞ்சம் பேர் நின்றார்கள். எண்ணெயை வடித்தார். குழாய்களை ஒவ்வொன்றாக உருவித் துடைத்து வைத்தார். போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டார். மூன்று கட்டைகளை நிறுத்திச் சங்கிலிக் கப்பி மாட்டி, என்ஜின் மெல்ல மேலே எழுந்து அந்தரத்தில் தொங்கியபோது, அதன் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அந்தக் கை தாங்கும் கனமில்லை அது. இருந்தாலும் எடுக்கவில்லை. பிறகு தள்ளுவண்டியில் ஏற்றினார்.

"இது எனக்கு!" என்றார் ஃபைபர்காரரிடம். நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல்.

இதற்கு ஏன் இப்படிக் கத்துகிறார் என்று சின்னவர் நினைத்தார். தனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கத்துகிறார் என்று தோன்றியது. வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகு பெரியவர் படகடிக்கு வரவில்லை.

படகின் நடுவில் இப்போது ஒரு சதுரப் பள்ளம்.

ஃபைபர்காரரின் கொட்டகையில் சின்னவருக்கு வேலை ஒன்றுமில்லை. ஆனாலும் தினமும் வந்துவிடுவார். வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு அறை, ஒரு அடுப்பு, மகள் வாங்கிக் கொடுத்த போன். மகள் வேறு ஊரில். வாரத்தில் ஒரு நாள் கூப்பிடுவாள். 'சாப்பிட்டீங்களாப்பா' என்பாள். சாப்பிட்டேன் என்பார். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேரனை எதிர்பார்ப்பார்கள். அவன் போனைப் பிடுங்கி மூச்சு விடுவான்.

கொட்டகையில் குறைந்தபட்சம் சத்தமாவது இருந்தது. முதலில் சுக்கான் போனது. பிறகு விசிறித் தண்டு போன துளையில் மரக்கட்டையை அடித்து, மேலே பாய் பாயாகக் கண்ணாடி நாரும் பசையும் ஏற்றினார் ஃபைபர்காரர். பின்பலகைதான் பெரிய வேலை. புது என்ஜினின் இழுப்பு முழுவதும் அதன்மேல்தான். சுத்தியலின் பின்புறத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டார். நல்ல இடம் கெட்டியாகச் சொன்னது. ஓரிடத்தில் சத்தம் அமுங்கியது.

"உள்ள மரம் ஊறிப்போச்சு. சொத்தைப் பல்லு மாதிரி. மேல பார்த்தா பளபளன்னு இருக்கும்."

உளியால் தோண்டினார். ஈரமான கறுப்பு மரம் கேழ்வரகு மாவு போலக் கொட்டியது. புதுப் பிளைவுட்டை அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கினார்கள். காயும் வரை சின்னவர் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். இறுக்கிகள் பிடித்துக்கொள்ளும், நீங்கள் விடலாம் என்று ஃபைபர்காரர் சொன்ன பிறகுதான் விட்டார்.

தரையைச் சுத்தம் செய்யும்போது அந்த நீளப் பலகையில் கடப்பாரையை நுழைத்தார் ஃபைபர்காரர். ஆணிகள் கிறீச்சிட்டு வந்தன.

"இதை என்ன பண்றது சின்னவரே?"

"அடுப்புக்குப் போடு."

"நல்ல பலகை. இங்க பாருங்க, பெரியவர் கால் வச்சு வச்சுப் பள்ளமே விழுந்திருக்கு." பலகையின் ஒரு முனையில் இடது பாதத்தின் அளவுக்கு மரம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. "மனுஷன் நல்ல யோசனைக்காரர். காது கேக்காதவருக்குத் தட்டறது வேற எப்படித் தெரியும்? கால்லதான் தெரியணும்."

"யாருக்குக் காது கேக்காது?"

ஃபைபர்காரர் சிரித்தார். பிறகு சின்னவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"விளையாடாதீங்க."

"யாருக்குய்யா?"

"உங்க அண்ணனுக்குத்தான். டீக்கடை நாய்க்குக்கூடத் தெரியுமே. அவர் பின்னாடி நின்னு குரைக்காது. சுத்திக்கிட்டு முன்னாடி வந்துதான் குரைக்கும்." அவர் விரலிலிருந்த பசையைப் பிய்க்க ஆரம்பித்தார். "அந்த என்ஜின் பக்கத்துலயே உட்கார்ந்தா யாருக்குத்தான் காது நிக்கும்? தினம் கூடவே போறவருக்கு... உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

சின்னவர் பலகையை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தார்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "வாங்க தம்பி. என்ன சொல்லணும்?" என்றாள். எப்போதும் கேட்கிற கேள்வி.

"எப்பலேருந்து அண்ணி?"

என்ன என்று அவள் கேட்கவில்லை. ஒரு சட்டையின் கையை மடித்து, மறுகையை மடித்தாள்.

"வலை சுத்திக்கிச்சே, அதுக்கு முன்னாடியே. அப்பக் கொஞ்சம் கேக்கும். இப்பச் சுத்தமா இல்ல. எதிர்ல நின்னு மெதுவாப் பேசினா உதட்டைப் பார்த்துப் பாதி புரிஞ்சுக்குவார். மீதியை அவரே சேர்த்துக்குவார். அது எப்பவும் தப்பா இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னார். ஊர் முன்னாடி நீங்க சொன்னது நிஜமாயிடுச்சுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாதாம். வாயைத் திறந்தா பாருன்னார்."

"நான் கோவம்னு நினைச்சேன்."

"கோவமும் இருந்துச்சு. ஒரு வருஷம், ரெண்டு வருஷம். அப்புறம் அது எங்க போச்சோ தெரியல. ஆனா பேசினா நீங்க பதில் சொல்லுவீங்க. பதில் கேக்காது. குட்டு உடைஞ்சுடும். அதுக்குப் பேசாமலே இருந்துட்டார்." அவள் சட்டையை அடுக்கின்மேல் வைத்தாள். "நீங்களாவது பேசியிருக்கலாம்."

"ஒரு தடவை பேசினேன் அண்ணி."

"பின்னாடி நின்னா?"

சின்னவர் தலையாட்டினார். அண்ணி அடுத்த துணியை எடுத்தாள்.

பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. அங்கே இரண்டு கட்டைகள்மேல் என்ஜின் உட்கார்ந்திருந்தது. இனி ஓடப்போவதில்லை என்று தெரிந்த என்ஜினைப் பெரியவர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முதுகு இந்தப் பக்கம். சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்க வேண்டிய இடமெல்லாம் இருந்தது. சின்னவர் அந்தப் பிடரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு நாய்க்குத் தெரிந்தது. வந்த வழியே திரும்பிவிட்டார்.

பிராக்கெட் வந்தது. பின்பலகையில் துளைபோட்டு, உள்பக்கம் அகலமான தகடு கொடுத்து முடுக்கினார்கள். அதன்மேல் அவுட்போர்டைத் தொங்கவிட்டு உயரம் பார்த்தார் ஃபைபர்காரர். என்ஜின் இப்போது படகுக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி நின்றது. ஓடும் படகுக்குப் பின்னால் தண்ணீர் எழும்பி வரும், அதனால் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டும் என்று ஒரு துளை மேலே மாற்றினார்.

முதல் ஓட்டம் சின்னவர் தனியாகப் போனார். கைப்பிடியை முறுக்கியதும் படகின் பின்பக்கம் தண்ணீரில் குந்தியது. முன்முனையான அணியம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. எதிரே கடல் தெரியவில்லை. படகின் வயிறுதான் தெரிந்தது. கழுவிய தண்ணீர் வெளியே போவதற்காகப் பின்பக்கம் வைத்திருந்த துளைகள் வழியே கடல் உள்ளே வந்தது. கணுக்கால் நனையத் திரும்பி வந்தார்.

கரையில் நின்றவர்கள் கையடித்தார்கள். "என்ன சின்னவரே, வானத்துக்கா புறப்பட்டீங்க?"

ஃபைபர்காரர் தண்ணீரில் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். "முன்னாடியெல்லாம் கனம் நடுவுல இருந்துச்சு. இப்ப என்ஜினும் பின்னாடி, நீங்களும் பின்னாடி. தண்ணி போற துளையை மேல ஏத்திடறேன். எண்ணெய் டேங்கையும் முன்னாடி தள்ளிடலாம். அப்பவும் பத்தாது. அணியத்துல ஒரு ஆள் உட்காரணும். இல்லாட்டி ஒரு ஆள் கனத்துக்கு மணல் மூட்டை."

"ஆள் வேணுமா?"

"ஆள், இல்லாட்டி மூட்டை."

சின்னவருக்கு முதல் பாதி மட்டும்தான் கேட்டது. வேலையில் குறை வந்ததற்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு ஃபைபர்காரர் பார்த்ததில்லை. சின்னவர் நனைந்த வேட்டியைப் பிழியக்கூட இல்லை. அப்படியே நடந்தார்.

இந்தத் தடவை சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றார். பெரியவர் நிமிர்ந்தார். முன்பல் ஒன்று இல்லை. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. மீசை முழுக்க வெள்ளை.

"அண்ணே. படகுக்கு முன்னாடி கனம் வேணும்."

பெரியவர் அவர் வாயைப் பார்த்தார். ஒளிக்க இனி ஒன்றுமில்லை என்று அண்ணி சொல்லியிருக்க வேண்டும். "கத்தாத. மெதுவாச் சொல்லு."

"அணியத்துல. ஒரு ஆள். உட்காரணும்."

"உட்கார்ந்து?"

"உட்காரணும். அவ்வளவுதான்."

"வேலை?"

சின்னவர் யோசித்தார். ஒரு வேலையும் தோன்றவில்லை. "நீ வா," என்றார்.

பெரியவர் என்ஜினின் மூடியைப் பொருத்தி, துணியை அதன்மேல் நான்காக மடித்து வைத்தார். "காலையில வரேன். பார்ப்போம்."

காலையில் வந்தார். படகில் ஏறியதும் பழக்க தோஷத்தில் நேராக நடுவுக்குப் போய்க் குனிந்தார். அங்கே ஒன்றுமில்லை. நிமிர்ந்து, பக்கத்தில் எதையோ தேடியது போலப் பார்த்துவிட்டு முன்னே போனார். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் சாரல் முகத்தில் அறையும். அதனால் திரும்பி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

சின்னவர் கைப்பிடியை முறுக்கினார். அணியம் எழும்பவில்லை. படகு மட்டமாக, வழுக்கிக்கொண்டு ஓடியது. கரையில் ஃபைபர்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி கடலுக்குப் போனார்கள். பெரியவர் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் முழங்கால்மேல் வைத்தார், பிறகு படகின் ஓரத்தில், பிறகு மடியில். அலை வந்தபோதும் படகு திரும்பியபோதும் யாரும் சொல்லாமலே அவர் உடம்பு சரியான பக்கம் சாய்ந்து கொடுத்தது. அதைப் பார்த்ததும் சின்னவர் பேச ஆரம்பித்தார். அன்று சொன்னது தப்பு என்றார். இரண்டுதான் தட்டினேன், ஆனால் மெதுவாகத் தட்டியிருக்கலாம் என்றார். பலகை எதற்கென்று தெரியாது என்றார். பேரன் போனில் மூச்சு விடுகிறான் என்றார். என் மனைவி செத்த அன்று நீ வந்து மூலையில் நின்றாய், பக்கத்தில் வருவாய் என்று பார்த்தேன் என்றார். காற்று எதிரே அடித்தது. பெரியவர் கண் கொட்டாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை தலையாட்டினார்.

வலை இழுக்கும்போது சின்னவர் கியரை எடுத்துவிட்டுத் தானே இழுத்தார். பெரியவர் எழுந்து உதவ வந்தார். இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றதில் படகு சரிந்தது. அவர் மறுபடி முன்னே போய் உட்கார்ந்தார். வலை முழுவதும் ஏறும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்து படகை ஏற்றிய பிறகு கேட்டார்: "என்னடா வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்த?"

"புரிஞ்சுதா?"

"எங்க புரியறது? தண்ணி தலையிலேருந்து கண்ணுல வழியுது, உன் வாய் காத்துல கோணுது. பாட்டுப் பாடறியோன்னு நினைச்சேன்." அவர் சிரித்தார். பல் இல்லாத இடம் தெரிந்தது. "ஓட்டும்போது கடலைப் பாரு. என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு ஓட்டாத. முட்டிக்குவ."

கரையில் காற்று இல்லை. சின்னவர் எதிரே வந்து நின்றார். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அன்னிக்கு. கரையில. நான் சொன்னது. தப்பு."

பெரியவர் உதட்டைப் பார்த்தார். சேர்த்துப் பார்த்தார். இந்த முறை சரியாகவே சேர்ந்தது போலிருக்கிறது.

"அது சரியாத்தானடா சொன்ன," என்றார். கையை நீட்டித் தம்பியின் தோளில் ஒட்டியிருந்த மீன் செதிலை எடுத்துப் போட்டார். "எனக்குத்தான் ஒத்துக்கத் தைரியம் வரல. விடு."

"அப்ப நாளைக்கு—"

"நாளைக்கு மூட்டை வச்சுக்கோ."

சின்னவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெரியவர் மெதுவாகச் சொன்னார். அதாவது, அவர் அளவில் மெதுவாக. கரை முழுவதும் கேட்டது.

"கோவமில்லடா. கை சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்ல. கனத்துக்காக உட்கார்ந்திருக்க மூட்டையால முடியும். அதுக்கு வெட்கம் கிடையாது. என்னால முடியல. சாயங்காலம் வீட்டுக்கு வா. அண்ணிகிட்ட சொல்லிட்டுப் போகாத, உள்ள வந்து உட்காரு."

போனார். சாயங்காலம் சின்னவர் உள்ளே போய் உட்காரத்தான் செய்தார். அண்ணி டீ கொடுத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து டம்ளரைப் பார்த்தார்கள். "என்ஜின் எப்படி?" என்று பெரியவர் கேட்டார். "நல்லா இருக்கு" என்றார் சின்னவர். "எண்ணெய் குடிக்குதா?" "கொஞ்சம்." அதற்கு மேல் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. அதிலும் சங்கடம் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் இருந்தது.

மறுநாள் சின்னவர் கரை மணலை வாரிச் சாக்குகளில் அடைத்தார். ஒரு ஆள் கனம் எவ்வளவு என்று ஃபைபர்காரர் சொல்லியிருந்தார். அதற்குக் கொஞ்சம் குறைத்தே கட்டினார், பெரியவர் ஒல்லி. அணியத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கயிற்றால் இறுக்கினார்.

படகு மட்டமாக ஓடியது. ஒரு குறையும் சொல்ல முடியாது. கடல் எதிரே அகலமாகக் கிடந்தது. அவர் கடலைப் பார்த்தே ஓட்டினார்.

தண்ணீருக்கடியில் பாறை கிடக்கும் கல்லுமேட்டைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வழக்கமான வேகத்தில் திருப்பினார். படகு சரிந்தது. சாக்குகள் சாய்ந்து கொடுக்கவில்லை. சரிந்த பக்கமே கனத்தன. ஓரத்தைத் தாண்டி ஒரு கை அளவு தண்ணீர் உள்ளே விழுந்தது. சின்னவர் வேகத்தைக் குறைத்துப் படகை நேராக்கினார். பிறகு கல்லுமேட்டை விட்டு வெகுதூரம் விலகி, அவசரமில்லாமல், பெரிய வட்டமாகச் சுற்றிப் போனார்.